வாதமும் வாளும்: பினாங்கு வழக்கறிஞர் இராகவன்

ஜார்ஜ் டவுன் நகரின் லைட் தெருவில் இரண்டு பழைய கட்டடங்கள் உள்ளன. ஒன்று கடலோரத்தில் நிற்கும் கார்ன்வாலிஸ் கோட்டை. மற்றொன்று, சற்றே தொலைவில் வெண்தூண்களுடன் விளங்கும் நீதிமன்றம். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் வந்திறங்கியபோது முதலில் எழுந்தது கோட்டையே. நீதிமன்றத்துக்கு வித்திட்ட அரச சாசனம் வருவதற்கு 1807 வரை காத்திருக்க நேர்ந்தது. வாள் முந்திக்கொண்டது, சட்டம் பிந்தி வந்தது. குடியேற்ற நாடுகள் அனைத்திலும் இதுவே வரலாற்றின் வரிசை. எனினும், ஆளுவோர் தம் வசதிக்காகக் கொண்டுவந்த அதே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆளப்படுவோர் அவர்களையே கேள்வி கேட்கும் நாளும் வந்தது. அத்தகைய கேள்வியைப் போர்க்காலத்தில் படைத்தலைவர்களின் முகத்துக்கு நேரே எழுப்பியவர் பினாங்கில் வழக்கறிஞராக இருந்த நெடியம் இராகவன் என்பவர். அவருடைய வாழ்வை ஆராய்வது, மலாயாத் தமிழரின் போர்க்கால வரலாற்றின் ஒரு முக்கியமான பக்கத்தைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

சட்டமும் போரும்

போர் முழங்கும்போது சட்டம் வாய்மூடிக்கொள்ளும் என்பது பலர் கொண்டுள்ள கருத்து. ஆயினும் போருக்கு நடுவே சட்டத்தின் குரல் ஒலித்த நிகழ்ச்சிகளும் வரலாற்றில் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) வட மாநிலங்களின் கூட்டரசுப் படைக்குத் தளபதிகளாக வந்தவருள் வழக்கறிஞர் பலர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்து தளபதியான பெஞ்சமின் பட்லர் அவர்களுள் ஒருவர். 1861 மே மாதம் விர்ஜீனியாவின் மன்றோ கோட்டை அவர் பொறுப்பில் இருந்தது. மூன்று அடிமைகள் தப்பி ஓடிவந்து அங்கே தஞ்சம் புகுந்தனர். அவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று தென்னவர் படையிலிருந்து ஓர் அதிகாரி வந்து கேட்டார். தப்பிய அடிமையை உடையவனிடம் ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் அன்று நடப்பில் இருந்தது.

பட்லர் ஒரு வழக்கறிஞருக்குரிய கூர்மையுடன் விடையளித்தார். விர்ஜீனியா கூட்டரசிலிருந்து பிரிந்துவிட்டதாகக் கூறுகிறது. பிரிந்துபோன நாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் எவ்வாறு துணைநிற்கும் என்று வினவினார். அடிமைகளை உடைமை என்று தென்னவர் கூறுவதாயின், எதிரி போருக்குப் பயன்படுத்தும் உடைமையைக் கைப்பற்றும் உரிமை தமக்கு உண்டு என்றும் வாதிட்டார். மனிதரை உடைமை என்னும் கொடிய கருத்தையே திருப்பிப்போட்டு, மனிதரைக் காக்கும் கருவியாக அவர் ஆக்கிக்கொண்டார். செய்தி பரவவே நூற்றுக்கணக்கானோர் அக்கோட்டையை நாடி வந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இக்கொள்கையைத் தழுவிய சட்டம் ஒன்றை இயற்றியது. அடிமை விடுதலைப் பிரகடனம் 1863-இல் வந்தது.

பட்லருக்குப் பின்னால் அவருடைய அரசும் படையும் இருந்தன. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் பினாங்கில் போரைச் சந்தித்த இராகவனுக்கு நாடும் இல்லை, படையும் இல்லை. அடிமைப்பட்ட இந்தியாவின் குடிமகனாக, ஆங்கிலேயர் கைவிட்டுச் சென்ற ஒரு தீவில், வெற்றிக் களிப்பில் இருந்த ஜப்பானியப் படையின் முன்னே நின்று அவர் வாதிட வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டாலன்றி அவருடைய துணிவின் அளவு விளங்காது.

பினாங்குக்கு வந்த வழக்கறிஞர்

இராகவன் கேரளத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1920-களின் இறுதியில் பினாங்குக்கு வந்து தொழில் தொடங்கினார். அந்நாளில் மலாயாவில் வாழ்ந்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களிலும் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர். தோட்டத்தின் லயங்களில் வாழ்ந்த அம்மக்களுக்கும், பட்டணத்தில் தொழில் நடத்திய கற்றவருக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. மொழியாலும் கல்வியாலும் வாழ்க்கை நிலையாலும் அவர்கள் வேறுபட்டிருந்தனர்.

அந்த இடைவெளியைக் குறைக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று, 1936-இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கம். ஆங்காங்கே தனித்தனியாக இயங்கிவந்த இந்தியர் சங்கங்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தது இச்சங்கம். இராகவன் இதன் முன்னணித் தலைவராக விளங்கித் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். தோட்டத் தொழிலாளரின் கூலி இச்சங்கத்தின் முதன்மைக் கவலைகளுள் ஒன்றாயிற்று. 1937-இல் ஆண் தொழிலாளிக்கு 50 காசாக இருந்த நாட்கூலி, இரப்பர் விலை சரிந்ததைக் காட்டி மறு ஆண்டே குறைக்கப்பட்டது. 1938-இல் மலாயாவுக்கு உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியதற்கு இத்தகைய நிலைமைகளே காரணமாயின.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்கள் இக்காலத்தின் உச்சம் எனலாம். தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றார். கூலி உயர்வு மட்டும் தொழிலாளரின் கோரிக்கையாக இருக்கவில்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை நீக்க வேண்டும். துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்பதே இவற்றின் உட்பொருள். அரசு நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. சிலாங்கூரில் அவசரநிலையை அறிவித்துப் படையை அனுப்பியது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஆங்கில ஆட்சியின் சட்டம் யாருக்காக இயங்கியது என்பதை மலாயா இந்தியத் தலைவர்கள் அன்று கண்கூடாகக் கண்டனர். ஏழே மாதத்தில் அந்த ஆட்சியே மறையப்போகிறது என்பதை அவர்கள் அறியார்.

கொடி இறங்கிய நாள்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மீது வானூர்திகள் குண்டு வீசின. வானூர்திகளை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற மக்கள் கூட்டமாக மடிந்தனர். அடுத்த சில நாட்களில், டிசம்பர் 16, 17 ஆகிய நாட்களை ஒட்டி, ஆங்கிலேயர் தம் இனத்தாரையும் படையையும் இரவோடிரவாகத் தீவிலிருந்து அகற்றிக்கொண்டனர். மலாயரும் சீனரும் இந்தியரும் கைவிடப்பட்டனர்.

அந்த வேளையில் நகரின் பொறுப்பை ஏற்க முன்வந்தவருள் முதன்மையானவர், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியரும் யாழ்ப்பாணத் தமிழருமான மாணிக்கசோதி சரவணமுத்து. பல இனத்தாரும் சேர்ந்து அமைத்த சேவைக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடி இறக்கப்பட்டது. மேலும் குண்டுவீச்சு நேராதபடி, ஆங்கிலேயர் அகன்றுவிட்டனர் என்னும் செய்தி வானொலி வழியே அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 19-ஆம் நாள் ஜப்பானியர் நகருக்குள் புகுந்தனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஆட்சி பினாங்கில் முடிந்த விதம் இதுவே. காப்பேன் என்று கூறி வரி வாங்கியவன் காவாமல் ஓடினான் என்னும் உணர்வு மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

பழைய எசமானன் ஓடினான்; புதிய எசமானனோ "ஆசியா ஆசியருக்கே" என்று முழங்கிக்கொண்டு வந்தான். இருவருக்கும் நடுவே இந்தியரின் நிலை என்ன? ஜப்பானியரை எதிர்த்தால் உயிருக்கு ஆபத்து. அவர்களை நம்பினால், நாளை இந்தியாவுக்குள் அவர்கள் நுழைவதற்கு வழிகாட்டிய பழி சேரும். ஒன்றும் செய்யாதிருந்தால், சிங்கப்பூரில் சிறைப்பட்ட 40,000-க்கு மேற்பட்ட இந்திய வீரரும், மலாயாவில் வாழ்ந்த இலட்சக்கணக்கான இந்தியக் குடிமக்களும் பாதுகாப்பின்றிப் போவர். இந்த மும்முனைச் சிக்கலே இராகவன் எதிர்கொண்ட வழக்கு.

எழுத்தில் கேட்ட உறுதி

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரு நாட்கள் கழித்து ஃபாரர் பூங்காவில் இந்தியச் சிறைவீரர்கள் ஜப்பானிய அதிகாரி புஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர் அவர்களைக் கேப்டன் மோகன் சிங் பொறுப்பில் விட்டார். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் இதுவாகும். மார்ச்சு மாதத்தில் மலாயா இந்தியத் தலைவர்கள் சிங்கப்பூரில் கூடினர். இராகவனும், வழக்கறிஞர்களான கே. பி. கேசவ மேனனும் எஸ். சி. கோகோவும் அதில் பங்கேற்றனர். பின்னர் டோக்கியோ மாநாட்டுக்கு ஒரு குழு புறப்பட்டது. வழியில் ஒரு வானூர்தி விபத்துக்குள்ளானது. சுவாமி சத்தியானந்த புரி, ஞானி பிரீத்தம் சிங், கேப்டன் அக்ரம், மத்திய இந்தியர் சங்கத்தின் செயலாளர் நீலகண்ட ஐயர் ஆகிய நால்வர் அதில் உயிரிழந்தனர். விடுதலை முயற்சியின் முதற்படியிலேயே ஏற்பட்ட பேரிழப்பு இது.

1942 ஜூன் 15 முதல் 23 வரை பாங்காக்கில் பெரிய மாநாடு ஒன்று நடைபெற்றது. கிழக்காசிய நாடுகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பேராளர் வந்திருந்தனர். இந்திய சுதந்திரச் சங்கம் முறையாக அமைக்கப்பட்டது. அதன் செயற்குழுவில் தலைவராக ராஷ் பிஹாரி போசும், உறுப்பினராக இராகவன், கேசவ மேனன், மோகன் சிங், ஜிலானி ஆகியோரும் இடம்பெற்றனர். மலாயாக் கிளையின் தலைமைப் பொறுப்பும் இராகவனிடம் இருந்தது.

இம்மாநாட்டின் தீர்மானங்களைப் படிப்போர், அவை மேடைப் பேச்சைப் போலன்றி ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைப் போல அமைந்திருப்பதைக் காணலாம். இந்தியாவின் முழு இறைமையை மதிப்பதாக ஜப்பான் முறைப்படி அறிவிக்க வேண்டும். இந்திய தேசிய இராணுவம் நேச நாட்டின் சுதந்திரப் படையாகக் கருதப்பட வேண்டும். இந்திய விடுதலையைத் தவிர வேறு எந்த நோக்கத்துக்கும் அதனைப் பயன்படுத்தலாகாது. கைப்பற்றப்பட்ட நாடுகளில் வாழும் இந்தியரை எதிரி நாட்டாராகக் கருதலாகாது. அவர்தம் உடைமைகளையும் எதிரி உடைமை என்று பறிக்கலாகாது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நிபந்தனைகள் அடுக்கப்பட்டன. இவற்றுக்குத் தனித்தனியே விடை வேண்டும் என்று செயற்குழு கேட்டது.

ஜப்பானியர் தரப்பிலிருந்து வந்தவை பொதுவான நல்லெண்ணச் சொற்களே. புஜிவாராவுக்குப் பின் பொறுப்பேற்ற இவாகுரோவின் அலுவலகம், தீர்மானங்களுக்கு ஒவ்வொன்றாக விடையளிப்பதைத் தவிர்த்தது. படைத்தலைவர்களுக்கு இக்கேள்விகள் வியப்பையும் எரிச்சலையும் அளித்தன. உதவி பெறுவோர் நிபந்தனை விதிப்பதா என்று அவர்கள் எண்ணினர். வழக்கறிஞருக்கோ வேறொரு பாடம் தெரிந்திருந்தது. வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிட்டவன் பின்னர் நீதிமன்றத்தில் படும் பாட்டை அவர்கள் நாள்தோறும் கண்டவர்கள். தோட்டத்துக்குச் சென்றால் பொன் விளையும் என்று கங்காணி கூறிய சொல்லை நம்பிக் கப்பலேறிய மக்களின் கதை அவர்கள் கண்முன்னே இருந்தது. நாட்டின் விடுதலையும் அவ்வாறு ஒரு வாய்ச்சொல்லின் மீது நிற்கலாகாது என்பதே அவர்கள் கொண்ட உறுதி.

பினாங்கின் பயிற்சிக் கூடம்

இந்தக் கொள்கை செயலில் சோதிக்கப்பட்ட இடம் பினாங்கே. இந்தியாவுக்குள் சென்று விடுதலைப் பணி புரியவும் செய்தி அனுப்பவும் இளைஞரைப் பயிற்றுவிக்க, 1942-இல் சுவராஜ் பயிற்சிக் கழகம் என்னும் கூடம் பினாங்கில் அமைக்கப்பட்டது. அதன் பொறுப்பு இராகவனுடையது. மலாயாவில் பணியாற்றிவந்த இந்திய இளைஞர் பலர் அங்கே சேர்ந்தனர்.

1942 செப்டம்பரில், அக்கூடத்தில் பயிற்சி பெற்ற இளைஞர் சிலர் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டனர். ஒரு பிரிவினர் மலபார்க் கரையில் தானூருக்கு அருகே இறங்கினர். மற்றொரு பிரிவினர் கத்தியவார்க் கரையில் இறங்கினர். வேறு சிலர் பர்மா வழியாகத் தரைமார்க்கத்தில் சென்றனர். பெரும்பாலோர் விரைவிலேயே பிடிபட்டனர். சென்னையில் அவர்கள் மீது வழக்கு நடந்தது. வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வர் 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஒரு முஸ்லிம், ஒரு மலையாள இந்து, ஒரு வங்காளி, ஒரு சீக்கியர் என நால்வரும் ஒரே நாளில் ஒரே குறிக்கோளுக்காக உயிர் துறந்தனர். பினாங்குத் தீவில் தொடங்கிய அவர்கள் பயணம் சென்னையில் முடிந்தது.

இளைஞரின் உயிர் பணயமாக இருந்த இப்பணியில், அவர்களை அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பது வெறும் நிருவாகக் கேள்வியாக இருக்க முடியாது. 1942-இன் இறுதி மாதங்களில், பயிற்சி பெற்றோர் சிலரை ஜப்பானியர் இராகவனுக்குத் தெரிவிக்காமலே இந்தியாவுக்கு அனுப்ப அழைத்துச் சென்றனர். பொறுப்பாளருக்குத் தெரியாமல் மாணவரை எடுத்துச் செல்வது, சங்கத்தின் இசைவின்றிப் படையைப் பயன்படுத்துவதற்கு ஒப்பாகும். இராகவன் கண்டனம் தெரிவித்ததோடு நில்லாமல் பயிற்சிக் கழகத்தையே மூடிவிட்டார். அதற்குக் கிடைத்த பரிசு வீட்டுக்காவல்.

இந்நிகழ்ச்சியை நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும். அன்றைய மலாயாவில் ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பெய்த்தாயின் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கினர். அந்த அச்ச ஆட்சியில், ஆயுதம் ஏந்தாத ஒரு வழக்கறிஞர், இந்திய இளைஞரின் உயிர் இந்தியரின் இசைவுக்கு உட்பட்டது என்று கூறிக் கதவைச் சாத்தினார். தூக்குமேடை ஏறிய இளைஞரின் வீரம் ஒரு வகை. அவ்விளைஞரைப் பிறர் பகடைக்காயாக்க இடந்தராத உறுதி மற்றொரு வகை. முன்னதைப் போற்றும் நாம் பின்னதையும் மறத்தல் ஆகாது.

அதே வேளையில் சிங்கப்பூரிலும் பிளவு முற்றியது. படையைப் பர்மாவுக்கு அனுப்பும் செய்தியில் செயற்குழுவுக்கும் ஜப்பானியருக்கும் இடையே பூசல் எழுந்தது. டிசம்பரில் செயற்குழு சிதைந்தது. டிசம்பர் 29-இல் மோகன் சிங் கைதானார். முதல் இந்திய தேசிய இராணுவம் கலைந்தது. மலாயாக் கிளை தன் நிபந்தனைகளைக் கைவிடவில்லை. எனினும் ஜப்பானியரின் வற்புறுத்தல் மிகவே, 1943 பிப்ரவரியில் இராகவன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

நேதாஜியின் அமைச்சரவையில்

1943 ஜூலை 2-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அவர் நிறுவினார். ஜப்பான் உட்பட ஒன்பது அரசுகள் அதனை ஏற்றுக்கொண்டன. முந்தைய ஆண்டு பாங்காக்கில் கேட்டும் கிடைக்காத முறையான ஏற்பு இவ்வாறு கிட்டியது. மருத்துவராக இருந்து தளபதியான தமிழர் லோகநாதன் போன்றோர் அந்த அரசில் இடம்பெற்றனர். விலகி நின்ற இராகவனும் மீண்டும் பணிக்கு வந்து, 1944-இல் நிதியமைச்சர் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் இரங்கூனில் ஆசாத் ஹிந்து வங்கி தொடங்கப்பட்டது. செல்வரிடம் சொத்தின் அளவுக்கேற்பப் பங்கு பெறப்பட்டது. தோட்டத் தொழிலாளரோ தம் சிறு சேமிப்பையும், பெண்கள் தம் நகைகளையும் கொணர்ந்து கொடுத்தனர். தோட்டத்து இளைஞரும் இளநங்கையரும் படையிலும் ஜான்சி ராணிப் பிரிவிலும் சேர்ந்தனர். துரையைக் கண்டு மிதிவண்டியிலிருந்து இறங்கி நின்ற மக்களின் பிள்ளைகள், சீருடை அணிந்து நிமிர்ந்து நடந்த காலம் அது.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. இதே காலத்தில் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாலும் பசியாலும் அடியாலும் மாண்டோர் எண்ணிறந்தோர். இந்தியரை எதிரியாகக் கருதலாகாது என்று பாங்காக்கில் எழுதிய நிபந்தனை அவர்களைக் காக்கவில்லை. அறிவிப்புகளும் தீர்மானங்களும் கற்றவருக்கும் உடைமை உள்ளோருக்கும் ஓரளவு கேடயமாயின. ஏதுமற்ற தொழிலாளி அக்கேடயத்துக்கு வெளியே நின்றான். அந்தமான் தீவுகளும் 1943-இன் இறுதியில் தற்காலிக அரசுக்கு அளிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அங்கே ஆணையராகச் சென்ற லோகநாதனுக்குக் காவல்துறை மீது அதிகாரம் தரப்படவில்லை. எழுத்தில் பெறும் உரிமைக்குப் பின்னால் அதனை நிலைநிறுத்தும் வலிமையும் வேண்டும் என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

செங்கோட்டையில் எழுந்த வாதம்

அவ்வாறாயின், இராகவனும் அவர் தோழரும் 1942-இல் நடத்திய வாதம் வீணானதா? இல்லை என்பதற்கு விடை டெல்லியில் கிடைக்கிறது. போர் முடிந்ததும் ஆங்கிலேயர் திரும்பினர். சங்கத்தின் மலாயாத் தலைவர்களைக் கைதுசெய்தனர். 1945 நவம்பர் 5-இல் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர் மீது இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தனர் என்பது குற்றச்சாட்டு.

அவர்களுக்காக வாதாடியவர் பம்பாயின் புகழ்பெற்ற வழக்கறிஞர் பூலாபாய் தேசாய். அவருடைய வாதத்தின் அடித்தளம் எளியது, ஆனால் ஆழமானது. இந்திய தேசிய இராணுவம் பிறர் ஏவலுக்கு ஆடிய கூலிப்படை அன்று. தனக்கென அரசும் சட்டமும் கொடியும் உடைய படை. தன் விடுதலைக்காகப் போரிடும் உரிமை அடிமைப்பட்ட ஒரு நாட்டு மக்களுக்கும் உண்டு. ஆகவே சாதாரணக் குற்றச் சட்டத்தால் அவ்வீரரை அளக்க முடியாது. இதுவே அவர் வாதத்தின் சாரம். இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரின் கைப்பாவை என்று கூறியோருக்கு, 1942-இன் நிகழ்ச்சிகளைவிடத் தக்க மறுப்பு வேறில்லை. கைப்பாவைகள் நிபந்தனை விதிப்பதில்லை. பயிற்சிக் கூடத்தை மூடிக் காவலில் இருப்பதும் இல்லை. 1945 டிசம்பர் 31-இல் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்ட படைத்தலைமை, 1946 ஜனவரி 3-இல் நாடுகடத்தும் தண்டனையை நீக்கி அவர்களை விடுவித்தது.

மலாயாவிலும் அதன் பயன் தொடர்ந்தது. நேதாஜியின் அரசில் ஆலோசகராக இருந்த வழக்கறிஞர் ஜான் திவி, 1946-இல் தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். போர்க்காலத்தில் இனம், சாதி, சமயம் கடந்து ஒன்றுபட்ட பழக்கமே அந்த அமைப்புக்கு உரமாயிற்று.

தூதரின் கையொப்பம்

விடுதலை பெற்ற இந்தியா இராகவனைத் தன் தூதராக அயல்நாடுகளுக்கு அனுப்பியது. வள்ளுவர் படைக்கும் தூதுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இராகவனின் வாழ்வில் இரண்டும் அடுத்தடுத்து அமைந்தன. 1952-இல் அவர் சீனாவில் இந்தியத் தூதரானார். 1954 ஏப்ரல் 29-ஆம் நாள், திபெத்துடனான வாணிகம் பற்றிய இந்திய-சீன உடன்படிக்கை பீக்கிங் நகரில் கையொப்பமாயிற்று. பஞ்சசீலம் என்று உலகம் அறிந்த ஐந்து கொள்கைகள் இடம்பெற்றது அதன் முகவுரையில்தான். இந்தியாவின் சார்பில் அதில் கையெழுத்திட்டவர் இராகவனே. பிறர் ஆட்சி எல்லையையும் இறைமையையும் மதித்தல் என்பது அக்கொள்கைகளுள் முதலாவது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பாங்காக்கில் ஜப்பானியரிடம் அவரும் தோழரும் கேட்ட உறுதியும் அதுவே. அன்று மறுக்கப்பட்டதை இன்று ஒரு பெரிய நாட்டிடமிருந்து எழுத்திலேயே அவர் பெற்றார்.

அவ்வுடன்படிக்கையின் காலம் எட்டு ஆண்டுகள். 1962 ஜூனில் அது முடிவடைந்தது. அக்டோபர் 20-இல் இமயத்தில் போர் மூண்டது. சயாம் காட்டில் மடிந்த தொழிலாளியை ஒரு தீர்மானம் காக்காதது போலவே, எல்லையை ஒரு கையொப்பமும் காக்கவில்லை.

இதனைக் கொண்டு எழுத்தால் பயனில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. எழுதி வாங்கிய சொல் மீறப்படும்போது, மீறியவன் இன்னான் என்று சுட்டிக்காட்டவாவது வழி பிறக்கிறது. எழுதி வாங்காத சொல் மீறப்படும்போது, இழந்தது இன்னது என்று கூறவும் இயலாமற் போகிறது. கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பி வந்த தலைமுறைக்கு நேர்ந்தது அதுவே. பினாங்கு வழக்கறிஞர் இராகவன் வெற்றியை மட்டுமே கண்டவர் அல்லர். கேட்டதில் பெரும்பகுதி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் தம் மக்களின் பெயரால் எவர் எதனைச் செய்தாலும், யாருடைய இசைவால் செய்கிறீர் என்று கேட்கத் தவறாதவர் அவர். பள்ளியில் மலாயா வரலாறு பயிலும் மாணவர், தூக்குமேடை ஏறிய நால்வரின் பெயரோடு, இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கற்பாராக.